ஆடாத பட்டறை மேஜை

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் வாசகம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மிகச் சிறியது. கடன், வட்டி, உரம், விதை முதலிய பெரிய விஷயங்களையே கேட்டுப் பழகிய இக்கூட்டத்தில், நான்கு காலுள்ள ஒரு மர மேஜையைப் பற்றிப் பேச எழுந்து நிற்பது எனக்கே சிறிது கூச்சமாயிருக்கிறது. ஆயினும் சிறிய விஷயங்களை அசட்டை செய்வதனாலேயே நம் கிராமங்களில் பெரிய நஷ்டங்கள் உண்டாகின்றன என்பதை நீங்கள் அனுபவத்தில் அறிவீர்கள்.

ஆடியில் நல்ல மழை பெய்த மறுநாள் ஏர்க்காலில் ஆப்பு முறிந்து போகிறது. அல்லது மருந்து தெளிக்கும் கருவியின் பிடி கழன்று விடுகிறது. அதைச் சீர்செய்ய அரைமணி நேர வேலைதான் தேவை. ஆனால் கருவியை அசையாமல் பிடித்து வைத்துக்கொண்டு அறுக்கவும் அராவவும் கிராமத்தில் ஓர் இடம் இல்லை. ஆகையால் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குப் போகிறார். ஒரு பகல் போய்விடுகிறது. மறுநாள் நிலத்தில் இருந்த ஈரமும் போய்விடுகிறது. ஈரம் போன பின் விதைத்தவனுடைய கஷ்டத்தை நான் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இக்குறையை உணர்ந்து, சங்கக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் ஒரு பட்டறை மேஜை செய்து போட்ட கிராமங்களும் உண்டு. அவற்றுட் பலவற்றில் நான் கண்டது யாதெனில், மேஜை இருக்கிறது. அதில் வேலை நடப்பதில்லை. முதல் மாதம் எல்லோரும் ஆவலுடன் வருகிறார்கள். மேஜை ஆடுகிறது. ரம்பம் வளைகிறது, உளி வழுக்குகிறது, அரம் துள்ளுகிறது. ஒரு வருஷத்திற்குள் அது வேலை செய்யும் இடம் என்பது மாறி, காலி எண்ணெய்த் தகரங்களும் பழைய சாக்குகளும் வைக்கும் இடமாகிவிடுகிறது. செலவிட்ட பணம் பொதுப்பணம். ஆதலின் இது பற்றிப் பேசுவது அவசியமென்று கருதினேன்.

மற்றொரு காரணமும் உண்டு. நான் வாலிபனாயிருந்தபோது தொழில் பழகிய ஒரு பட்டறையில், ஆடும் மேஜையொன்றில் துளை வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு காலின் அடியில் மடித்த காகிதத்தைச் செருகி வைத்திருந்தோம். கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தபோது காகிதம் நழுவிற்று. மேஜை ஒரு விரற்கடை சாய்ந்தது. உளி மரத்தை விட்டு என் இடது கைப் பெருவிரலின் அடியில் பாய்ந்தது. மூன்று மாதம் அக்கையால் ஒரு வேலையும் செய்ய இயலவில்லை. இன்றும் குளிர் நாட்களில் அவ்விடம் வலிக்கிறது. உளி கூர்மையாயிருந்தது குற்றமன்று. காகிதத்தை நம்பியதே குற்றம்.

தரையும் மேஜையும்

நம் நாட்டுத் தச்சர்கள் நெடுங்காலமாகத் தரையில் அமர்ந்து, மரத்தைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே அரிய வேலைகளையெல்லாம் செய்து வந்திருக்கிறார்கள். தேரும் வண்டியும் கலப்பையும் அவ்விதம் செய்யப்பட்டவையே. "அவர்களுக்கு இல்லாத மேஜை நமக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அத்தச்சருடைய மேஜை பூமி. பூமி ஆடுவதில்லை, வளைவதில்லை, நகர்வதில்லை. அவர் கால்களோ பல வருஷப் பழக்கத்தால் மரத்தை இறுகப் பிடிக்கக் கற்றவை. பழக்கமில்லாத குடியானவர் நின்றுகொண்டு, இரும்பையும் மரத்தையும் பிடிகருவியில் இறுக்கி வேலை செய்ய வேண்டுமானால், பூமியின் அந்த மூன்று குணங்களும் மேஜைக்கு வந்தாக வேண்டும். பட்டறை மேஜையின் சாஸ்திரம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

நோயை முதலில் அறிக

மேஜை ஆடுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் காய்ச்சல் என்பது ஒரு நோயன்று, பல நோய்களின் அடையாளம் என்று வைத்தியர்கள் சொல்வது போலவே, ஆட்டமும் பல குறைகளின் அடையாளமேயாகும். குறைகள் நான்கு. ஒன்றுக்குரிய மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் பயனில்லை.

முதலாவது, தளும்பல். மேஜையின் ஒரு மூலையைக் கையால் அழுத்தினால் அது தாழ்ந்து, குறுக்கே எதிர்மூலையிலுள்ள கால் எழும்புகிறது. இது காலுக்கும் தரைக்கும் உள்ள வழக்கு.

இரண்டாவது, சாய்ந்தாட்டம். கால்கள் நான்கும் தரையில் நன்கு படிந்திருக்க, மேற்பலகையை நீளவாக்கில் தள்ளினால் அது போய்த் திரும்புகிறது. இது சட்டங்களின் பொருத்துக்களில் உள்ள பலவீனம்.

மூன்றாவது, துள்ளல். மேஜையின் நடுவில் சுத்தியலால் அடித்தால் பலகை வளைந்து நிமிர்கிறது. வைத்த ஆணிகள் குதிக்கின்றன. இது பலகையின் மெலிவு.

நான்காவது, நகர்தல். மேஜை உறுதியாகவே இருக்கிறது. ஆனால் இழைப்புளியை ஓட்டும்போது முழு மேஜையும் தரையில் வழுக்கிச் செல்லுகிறது, அல்லது ஒரு பக்கம் தூக்கிக்கொள்கிறது. இது எடைக்குறைவு.

இவற்றைக் கண்டறிய ஒரு செம்பு தண்ணீர் போதும். விளிம்பு வரை நீர் நிரப்பிய செம்பை மேஜையின் நடுவில் வையுங்கள். முதலில் மூலைகளை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். பிறகு நீளவாக்கிலும் அகலவாக்கிலும் தள்ளுங்கள். பிறகு செம்புக்கு ஒரு சாண் தூரத்தில் கையால் குத்துங்கள். எந்தச் சோதனையில் நீர் அதிகமாகத் தளும்பிச் சிந்துகிறதோ அந்த நோயை முதலில் கவனியுங்கள்.

தளும்பலுக்குப் பரிகாரம்

நம் வீட்டு அடுப்புக்கு மூன்று கல் வைக்கிறோம், நான்கு வைப்பதில்லை. ஏன்? எவ்வளவு மேடுபள்ளமான இடத்திலும் மூன்று புள்ளிகள் ஒருசேரப் படிந்து நிற்கும். நான்காவது புள்ளி வந்தால் அது மற்ற மூன்றோடும் ஒத்துப்போனாலன்றிப் பானை ஆடும். மேஜைக்கோ நான்கு கால் வேண்டியிருக்கிறது. ஆகவே நான்காவது காலை ஒத்துப்போகச் செய்வதே நம் வேலை.

முதலில் தரையைத் திருத்துங்கள். மண்தரையில் காலை நேராக நிறுத்தக் கூடாது. நான்கு கால்களும் நிற்குமிடங்களில் குழி தோண்டி, செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் அல்லது சிமெண்டும் இட்டுக் கெட்டித்து, அதன்மேல் தட்டையான கருங்கல் ஒன்றைப் பதிக்க வேண்டும். இதனால் கால் மண்ணில் அமிழாது. கறையானும் எளிதில் ஏறாது. காலின் அடிப்பாகம் மரத்தின் வெட்டுவாய் ஆதலால் அதுவே நீரை அதிகமாக உறிஞ்சும். அவ்விடத்தில் இருமுறை தார் பூசிக் காயவைத்தல் நலம்.

பிறகு கால்களைச் சமன் செய்யுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. ஆடும் நாற்காலியின் நீண்ட காலை அறுத்தவன், பிறகு மற்றொன்று நீளமாயிருக்கக் கண்டு அதையும் அறுத்து, முடிவில் அதை மணையாக்கிக்கொண்டான் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கண்மட்டத்தால் அறுப்பவர்கள் எல்லோருக்கும் இதே கதிதான். சரியான முறை பின்வருமாறு.

மேஜையை அது நிற்கவேண்டிய இடத்திலேயே நிறுத்தி, மேற்பலகையின்மேல் ரசமட்டத்தை நீளத்திலும் அகலத்திலும் குறுக்காகவும் வைத்துப் பாருங்கள். தாழ்ந்திருக்கும் கால்களின் அடியில் மெல்லிய ஆப்புகளைச் செருகி மேற்பலகை முழுமட்டமாகும்படி செய்யுங்கள். இப்பொழுது எந்தக் காலின் அடியில் இடைவெளி மிக அதிகமோ, அந்த இடைவெளியின் உயரத்துக்குச் சமமான ஒரு மரத்துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அத்துண்டைக் கல்லின்மேல் வைத்து, அதன்மேல் பென்சிலைப் படுக்கவைத்து, ஒவ்வொரு காலையும் சுற்றிக் கோடிடுங்கள். கோட்டின்படி அறுத்தால், மிகக் குட்டையான கால் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மற்றவை அதற்குச் சமமாகும். ஒரே முறை அறுப்பு. திரும்ப அறுக்க நேராது. காலின் அடியில் ஓர் ஓலை நறுக்கு நுழைகிறதா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

சாய்ந்தாட்டத்துக்குப் பரிகாரம்

நம் மேஜைகளில் அதிகமாகக் காணப்படுவதும், அதிகமாகத் தவறாக வைத்தியம் செய்யப்படுவதும் இந்நோயே. பொருத்து தளர்ந்ததும் மேலும் இரண்டு ஆணிகளை அடிக்கிறார்கள். ஆறு மாதத்தில் அவையும் தளர்கின்றன. துளை பெருகுவதே மிச்சம்.

வேலிப் படலைக் கவனித்திருப்பீர்கள். நான்கு கழிகளை நாற்சதுரமாகக் கட்டினால், கட்டு எவ்வளவு இறுக்கமாயினும், படல் நாளடைவில் ஒரு பக்கமாகச் சரிந்து விடும். மூலைக்கு மூலை குறுக்கே ஒரு கழியைச் சாய்த்துக் கட்டினால் பிறகு அது சரிவதில்லை. காரணம் இது. நாற்சதுரத்தின் பக்கங்கள் நீளமோ குறுகலோ ஆகாமலேயே அது சாய்சதுரமாக மாறக்கூடும். முக்கோணமோ, அதன் பக்கங்களில் ஒன்று நீண்டாலன்றி அல்லது குறுகினாலன்றி உருமாறாது. இருப்புப்பாதைப் பாலங்களின் பக்கச் சட்டங்கள் முக்கோணமாக அமைந்திருப்பதன் ரகசியமும் இதுவே.

ஆகையால் மேஜையின் பின்புறத்தில் ஒரு சாய்வுச் சட்டம் அமையுங்கள். இழைப்புளியை எந்தப் பக்கம் நோக்கி ஓட்டுகிறோமோ, அந்தப் பக்கத்துக் காலின் அடியிலிருந்து எதிர்ப்பக்கத்துக் காலின் தலையை நோக்கி அது செல்ல வேண்டும். அவ்விதம் வைத்தால் நாம் தள்ளும் பலம் அச்சட்டத்தை நெருக்கும். மரச்சட்டத்தின் நுனிகள் காலில் வெட்டிய படியில் உட்கார்ந்திருந்தால், நெருக்கத்தை அவை நேரே தாங்கிக்கொள்ளும். ஆணியை நம்பியிருக்க வேண்டுவதில்லை. இரும்புக் கம்பியை இழுத்துக் கட்டுவதானால் ஒன்று போதாது. கம்பி இழுவையைத் தாங்கும்; நெருக்கத்தைத் தாங்காது. ஆதலின் இரண்டு கம்பிகளைப் பெருக்கல் குறிபோல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்ட வேண்டும்.

சாய்வுச் சட்டத்துக்குப் பதிலாக, பின்புறம் முழுவதையும் ஒட்டுப்பலகையால் மூடினாலும் அதே பயன் உண்டு. கருவிகளை மாட்டவும் அது உதவும். ஆனால் நான்கு ஓரங்களிலும் நெருக்கமாகத் திருகாணியிட வேண்டும். நான்கு மூலையில் மட்டும் நான்கு ஆணி அடித்தால் பலகை அலங்காரத்துக்கே ஆகும்.

அகலவாக்கில் சாய்ந்தாடும் மேஜைக்கு, இரு பக்கங்களிலும் காலுக்குக் கால் அகலமான குறுக்குச் சட்டம் வேண்டும். இங்கே சட்டத்தின் கனத்தைவிட அகலமே முக்கியமானது. மூன்று அங்குல அகலமுள்ள சட்டம் காலை இரண்டு விரலால் பிடிப்பது போன்றது. ஆறு அங்குல அகலமுள்ளது முழுக்கையால் பிடிப்பது போன்றது.

இனிப் பொருத்துக்களைப் பற்றிச் சில வார்த்தைகள். ஆணியடித்த பொருத்து ஏன் தளர்கிறது? மரம் உலர உலரச் சுருங்குகிறது, ஆணி சுருங்குவதில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆணி பக்கவாட்டில் நெருக்கித் தன் துளையைத் தானே பெரிதாக்கிக்கொள்கிறது. கழுந்தும் துளையுமாகச் செய்த பொருத்திலோ, சட்டத்தின் தோள் முழுவதும் காலோடு அழுந்தி நிற்பதால் பாரம் மரத்தின்மேலேயே விழுகிறது.

அதனினும் நமக்கு ஏற்றது, மீண்டும் இறுக்கக்கூடிய பொருத்து. நம் கலப்பையையே பாருங்கள். ஏர்க்காலும் கலப்பையும் சேருமிடத்தில் ஆப்பு இருக்கிறது. தளர்ந்தால் உழுகிறவர் ஒரு கல்லை எடுத்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மேலே உழுகிறார். அதே முறையில், நெடுஞ்சட்டத்தின் கழுந்தைக் காலின் மறுபுறம் இரண்டு அங்குலம் நீட்டிவிட்டு, நீட்டிய பாகத்தில் சரிவான துளையிட்டு ஆப்பு அடித்தால், வருஷம் ஒருமுறை தட்டி இறுக்கிக்கொள்ளலாம். ஆப்புத் துளையின் உட்பக்கம் காலின் முகத்துக்குச் சிறிது உள்ளே தள்ளியிருக்க வேண்டும். இல்லாவிடில் ஆப்பு துளையில் முட்டி நின்றுவிடும், பொருத்து இறுகாது. இவ்வளவு நுட்பமான வேலைக்கு ஆள் கிடைக்காத இடங்களில், மரையாணியும் நட்டும் இட்டு இறுக்கலாம். நட்டின் அடியில் அகலமான இரும்பு வட்டத்தகடு இடுவதை மறக்கக் கூடாது. அஃதில்லையேல் நட்டு மரத்துக்குள் புதைந்து போகும்.

துள்ளலுக்குப் பரிகாரம்

பலகையின் கனத்தைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. அதை அறிந்தவர்கள் மெல்லிய பலகையில் பணத்தை வீணாக்க மாட்டார்கள். பலகையின் கனத்தை இரட்டித்தால் அதன் விறைப்பு இரண்டு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. ஓர் அங்குலப் பலகை ஒரு பாரத்தால் எவ்வளவு வளையுமோ, இரண்டு அங்குலப் பலகை அதில் எட்டில் ஒரு பங்குதான் வளையும். அவ்விதமே, தாங்குமிடங்களுக்கு இடையேயுள்ள தூரத்தைப் பாதியாக்கினாலும் வளைவு எட்டில் ஒரு பங்காகும்.

இதிலிருந்து பெறும் புத்தி இரண்டு. புதிதாகச் செய்கிறவர்கள் மேற்பலகைக்கு இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த மரத்தை எடுக்க வேண்டாம். ஏற்கெனவே மெல்லிய பலகையால் செய்துவிட்டவர்கள் அதை எறிய வேண்டாம். நடுவில் முன்னும் பின்னுமாக மூன்று அங்குல உயரமுள்ள குறுக்குச் சட்டம் ஒன்றை, அதன் இரு முனைகளும் நெடுஞ்சட்டங்களின்மேல் உட்காரும்படி அடியிற் கொடுத்தால் பெரும் வித்தியாசம் தெரியும். எப்படியாயினும், பலமான அடி அடிக்கவேண்டிய வேலையைக் காலுக்கு நேர்மேலே வைத்துச் செய்ய வேண்டும், மேஜையின் நடுவிலன்று. பிடிகருவியையும் ஒரு முன்காலுக்கு அருகிலேயே பொருத்த வேண்டும்.

பிரான்ஸ் தேசத்தில் ஆந்த்ரே ரூபோ என்னும் தச்சர், 1769 முதல் 1775 வரை தம் தொழிலைப் பற்றி ஒரு பெருநூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். அதில் வரைந்து காட்டிய பட்டறை மேஜையில் மேலே ஒரே கனத்த பலகை. பருமனான கால்கள் அப்பலகையிலேயே கழுந்து செலுத்திப் பொருத்தப்பட்டிருக்கின்றன. முன்கால்களின் முகம் பலகையின் முன்விளிம்போடு ஒரே மட்டமாயிருக்கிறது. அவ்வமைப்பில் மேஜை செய்து வேலை செய்பவர்கள் இன்றும் பல தேசங்களில் இருக்கிறார்கள். கனமும் எளிமையுமே அதன் பெருமை.

நகர்தலுக்குப் பரிகாரம்

மேஜையின் உயரம் 30 அங்குலம், பக்கவாட்டில் கால்களின் வெளிவிளிம்புகளுக்கு இடையே அகலம் 20 அங்குலம் என்று கொள்வோம். மேஜையின் பாரம் விளிம்பிலிருந்து 10 அங்குலத்தில், அதாவது நடுவில், கீழ்நோக்கி அழுத்துகிறது. நம் கை 30 அங்குல உயரத்தில் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஆகையால் மேஜையின் எடையில் மூன்றில் ஒரு பங்கு பலத்தால் தள்ளினாலே ஒரு பக்கத்துக் கால்கள் தரையை விட்டு எழும்பும். 60 கிலோ எடையுள்ள மேஜைக்கு 20 கிலோ பலம் போதும். திடகாத்திரமான ஒருவர் அவ்வளவு பலத்தை எளிதில் செலுத்துவார்.

இப்போது மேஜையின் கீழ்ச்சட்டங்களின்மேல் பலகைகளைப் பரப்பி, மணல் நிரப்பிய பெட்டி ஒன்றை வைப்போம். ஒரு கன அடி உலர்ந்த மணல் ஏறத்தாழ 45 கிலோ இருக்கும். இரண்டு கன அடி மணல் வைத்தால் மொத்த எடை 150 கிலோ. அதை எழுப்ப 50 கிலோ பலம் வேண்டும். மணலுக்கு விலை அதிகமில்லை. கருங்கல் துண்டுகளும் ஆகும். கால்களின் அகலத்தை 20 அங்குலத்திலிருந்து 24 அங்குலமாக்கினாலும் நன்மை உண்டு.

செங்கற்சுவர் அருகிலிருந்தால், இரும்பு மூலைத்தகடுகளால் மேஜையைச் சுவரோடு பிணைத்து விடலாம். மண்சுவரோடு பிணைக்க வேண்டாம். ஒவ்வோர் அதிர்ச்சியும் சுவரை உதிர்க்கும். முடிவில் மேஜையும் ஆடும், சுவரும் ஆடும்.

மரம்

நன்கு உலர்ந்த மரம் என்பதே முதல் விதி. பச்சை மரத்தில் எவ்வளவு திறமையாகப் பொருத்துச் செய்தாலும், அது உலரும்போது கழுந்து சிறுத்துத் துளை தளரும். மரம் நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்குவதேயில்லை, அகலவாக்கில் சுருங்குகிறது. அதிலும் வளையங்களை ஒட்டிய திசையில், நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்குகிறது. பலகை குவிந்து வளைவதற்குக் காரணம் இதுவே. அறுத்த பலகைகளை நிழலில், இடையிடையே சிறு கட்டைகள் கொடுத்து அடுக்கி, காற்றோட்டமாக வைத்து, அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்ற கணக்கில் உலர்த்துவது பழைய அனுபவ முறை. அவ்வளவு காலம் பொறுக்க இயலாதவர்கள், இடித்த பழைய வீட்டின் உத்திரம், கதவுநிலை ஆகியவற்றை வாங்கலாம். அவை பல வருஷம் உலர்ந்தவை. இனிச் சுருங்குவது சொற்பம்.

டேராடூனில் 1906ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற வன ஆராய்ச்சி நிலையம் நம் நாட்டு மரங்களைச் சோதித்து, தேக்கை 100 என வைத்து மற்றவற்றின் பலத்தையும் தன்மையையும் ஒப்பிட்டுக் கூறும் முறையைக் கைக்கொண்டது. தேக்கு உருமாறாமல் நிற்பதில் சிறந்தது. அதனாலேயே அது அளவுகோலாயிற்று. ஆனால் பட்டறை மேஜைக்குத் தேக்கு அவசியமன்று. எடை இங்கே குற்றமாகாது, குணமேயாகும். வைரம் பாய்ந்த கருவேலம், புளி, வாகை, வேம்பு ஆகியவை போதும். புளிய மரத்தின் வைரம் இழைப்பதற்குக் கடினம். ஆனால் அடிதாங்குவதில் அதற்கு இணை சொற்பம். எந்த மரமாயினும் வெளிறு நீக்கி வைரத்தையே எடுங்கள். வெளிறு பூச்சிக்கும் கறையானுக்கும் இரை.

மேற்பலகையைச் சட்டத்தோடு பொருத்தும்போது, முன்விளிம்பில் இறுக்கிவிட்டு, பின்விளிம்பில் மரையாணித் துளைகளை அகலவாக்கில் கால் அங்குலம் நீட்டி விடுங்கள். மழைக்காலத்தில் பலகை பருத்தும் கோடையில் சுருங்கியும் நகர இடமிருக்கும். இருபுறமும் அசையாமல் பிணைத்தால் பலகை நடுவில் வெடிக்கும்.

அளவுகள்

கூட்டத்தார் குறித்துக்கொள்ளும் பொருட்டு ஓர் அளவுப் பட்டியலைச் சொல்லுகிறேன். மேற்பலகை 4 அடி நீளம், 2 அடி அகலம், 2½ அங்குலக் கனம். இரண்டு மூன்று பலகைகளை இணைத்தும் செய்யலாம். கால்கள் நான்கு, 3½ அங்குலச் சதுரம். பக்கக் குறுக்குச் சட்டங்கள் நான்கு, 5 அங்குல அகலம், 1½ அங்குலக் கனம். கீழ் நெடுஞ்சட்டங்கள் இரண்டு, 6 அங்குல அகலம், 1½ அங்குலக் கனம், தரையிலிருந்து 6 அங்குல உயரத்தில். பின்புறம் ஒரு சாய்வுச் சட்டம். கீழே மணற்பெட்டி.

உயரத்தை மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக விதிக்க முடியாது. கையைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்றால் மணிக்கட்டு வருமளவு உயரம் இழைப்பதற்கு ஏற்றது. பலருக்கு அது 30 முதல் 33 அங்குலம் வரை இருக்கும். அராவும் வேலைக்குப் பிடிகருவியின் வாய் முழங்கை மட்டத்தில் இருத்தல் நலம். உயரம் தவறினால் மேஜை ஆடாது. வேலை செய்பவரின் இடுப்பு ஆடிப்போகும்.

பராமரிப்பும் பொறுப்பும்

பங்குனி, சித்திரை மாதங்களில் மரம் மிகவும் உலர்ந்திருக்கும்போது ஆப்புகளையும் நட்டுகளையும் ஒருமுறை இறுக்குங்கள். ஐப்பசி மழைக்கு முன் காலடியில் தார் பூசுங்கள். மேஜையில் படுத்துறங்குவதையும் மூட்டை அடுக்குவதையும் தடை செய்யுங்கள். உளிவேலை செய்யும்போது அடியில் ஒரு வீண்பலகை வைக்கப் பழகுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பொறுப்பாளர் ஒருவரை நியமியுங்கள். எல்லோருக்கும் பொதுவான பொருளை இறுக்குவதற்கு ஒருவரும் இல்லாமற் போவது நம்மிடையே பழைய குறை. 1904ஆம் ஆண்டில் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் ஏற்பட்டபோது, அக்காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திரூர்க் கிராமத்தில் ஒரு சிறு சங்கம் அவ்வாண்டிலேயே தோன்றிற்று. அதுபோன்ற சிறு சங்கங்கள் நிலைத்ததற்குக் காரணம் பெருந்தொகையன்று. கணக்கைத் தவறாமல் பார்த்த சிலரேயாவர். மேஜைக்கும் அதுவே நியாயம்.

நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. வீட்டுக்குப் போனதும் உங்கள் சங்கத்து மேஜையின்மேல் ஒரு செம்பு தண்ணீரை வைத்துப் பாருங்கள். சிந்தினால், எந்த நோய் என்று அறிந்து அதற்குரிய மருந்தைச் செய்யுங்கள். மடித்த காகிதத்தை மட்டும் காலடியில் செருக வேண்டாம். அதன் விலை எனக்குத் தெரியும்.